குளத்து மீன்களின் பேன்

கொல்கத்தாவில் தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்து, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தூண்டிலில் ஒரு பெரிய கட்லா மாட்டியது. ஏழு கிலோவுக்குக் குறையாது. டாக்குரியாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு பழைய குளம் இருக்கிறது. தெருக்காரர்களின் கிளப் அதைப் பராமரிக்கிறது. ஞாயிறுதோறும் உறுப்பினர்கள் அங்கே தூண்டில் போடலாம். நான் அந்த உறுப்பினர்களில் ஒருவன்.

இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சைவக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பொதுத்துறை வேலையில் மாற்றலாகி கொல்கத்தா வந்த நான், ஜன்னல் வழியாக இந்தக் குளத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தூண்டில் பழகினேன். பிடிக்கிற மீனைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவேன். கிளப்பில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "நீங்க அதுக்கு நலம் விசாரிக்கவா வர்றீங்க?" என்று செக்ரெட்டரி ஒருமுறை கேட்டார்.

அன்றைக்கு உண்மையாகவே நலம் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த அளவு கட்லா கொக்கியில் மாட்டினால் அரைமணி நேரம் ஆட்டம் காட்டும். நூல் விரலை அறுக்கும். கை தோள்பட்டைவரை வலிக்கும். இது ஐந்து நிமிடத்தில், நனைந்த சாக்கை இழுத்த மாதிரி, வலைக்குள் வந்து படுத்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தால் உடம்பெல்லாம் சிவப்புத் திட்டுகள். துடுப்புகளின் அடியில் செதில் உதிர்ந்து சதை தெரிந்தது. அந்தப் புண்களைச் சுற்றி மைசூர்ப் பருப்பு அளவில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஏதோ வட்டங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் தொட்டேன். அது நகர்ந்தது. இன்னொன்று மீனை விட்டு என் கட்டைவிரலில் ஏறிக்கொண்டது.

கிளப் செக்ரெட்டரி பக்கத்துத் தூண்டில் மேடையிலிருந்து எழுந்து வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குளத்தில் தான் விட்ட மீன்களைத் தன் பிள்ளைகளைப் போலப் பேசுவார்.

"விஷம். யாரோ எதையோ கொட்டியிருக்காங்க" என்றார்.

"விஷம்னா இப்படி ஊருமா?" என்று விரலைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நான் டீ குடித்துவிட்டு வைத்திருந்த மண் குவளையில் குளத்துத் தண்ணீரை மொண்டு, அந்த வட்டங்களில் ஏழெட்டை அதற்குள் தட்டினேன். மீனை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினேன். அது உடனே போகவில்லை. படியின் ஓரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது. மாடு முதுகைச் சுவரில் தேய்ப்பது போல இருந்தது. பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குவளையை என் மனைவியிடம் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இத எதுக்குங்க அடுக்களைக்குக் கொண்டாறீங்க? கீழ்வீட்டு தீதிகிட்ட காட்டுங்க. அவங்க காலேஜ்ல இந்த மாதிரி பாட்டில் பாட்டிலா போட்டு வச்சிருக்காங்களாம்."

கீழ்வீட்டு தீதி, அதாவது கீழ்வீட்டு அக்கா, என்று எல்லோரும் அழைத்தது தரைத்தளத்தில் தனியாக வசித்த ஒரு வங்காளப் பெண்மணியை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. ஜாதவ்பூர் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் லேப் அசிஸ்டென்ட். மாணவர்கள் அறுக்க வேண்டிய உயிரிகளைத் தயார் செய்வதும், பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றுவதும், மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து வைப்பதும் அவர் வேலை. பட்டம் எதுவும் இல்லை. பத்து வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும், படியில் பார்த்தால் "நல்லாயிருக்கீங்களா?" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

அவர் வங்காளத்தில்தான் பேசுவார். என் வங்காளம் தட்டுத்தடுமாறும் வங்காளம். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்; 'அண்ணா' என்ற பொருளில் என்னை அவர் அழைத்த 'தாதா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

குவளையை வாங்கியவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வெள்ளைச் சாசர் ஒன்றை எடுத்து அதில் தண்ணீரை ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கைலென்ஸை வைத்துக் குனிந்தார். ஐந்து நிமிடம் ஆனது. நான் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"உகுன்" என்றார். பேன். "மீன் பேன். வாங்க, பாருங்க."

லென்ஸில் அந்த வட்டம் முழு உருவமாகத் தெரிந்தது. கவிழ்த்த தட்டு போன்ற உடம்பு, விரைந்து துடிக்கும் கால்கள், முன்னால் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள்.

"அது கண் இல்ல தாதா. உறிஞ்சி. அத வச்சுத்தான் மீன்மேல ஒட்டிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு தெரியுதா? அதால குத்தும். மீன் எவ்வளவு வேகமா ஓடினாலும் விழாது. ஆனா தனியா நீந்தவும் தெரியும். இஷ்டப்பட்டா இறங்கும், இன்னொரு மீன்ல ஏறும்."

பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனக்குள் சொல்வதுபோல், "எவ்வளவு அழகா செஞ்சிருக்கு" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் அழகு தெரியவில்லை. கட்லாவின் புண்தான் தெரிந்தது. ஆனால் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் என்னைத் தன் கல்லூரிக்கு அழைத்துப் போனார். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று மட்டும் சொன்னார். நீண்ட அறை, சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பெயர்ச்சீட்டு. நடுத்தட்டிலிருந்து உயரமான ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே விலாங்கு மாதிரி ஒரு பிராணி, ஒரு முழ நீளம். அதற்குத் தாடை இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் வரிசை வரிசையாக மஞ்சளான பற்கள், உள்ளே போகப்போகப் பெருத்துக்கொண்டு.

"லாம்ப்ரே. நம்ம ஊர்ல கிடையாது. குளிர் நாட்டுப் பெரிய ஏரிகள்ல இருக்கு. அங்க உங்கள மாதிரி ஆளுங்க தூண்டில் போடற பெரிய டிரவுட் மீன் இருக்கில்ல, அது மேல இந்த வாய வச்சு ஒட்டிக்கும். நாக்கால சதைய ராவி ரத்தம் குடிக்கும். நாள்கணக்குல அப்படியே தொங்கிட்டு வரும். சில மீன் செத்துப்போகும். சிலது வட்டமா ஒரு தழும்போட தப்பிக்கும்."

"அத எப்படி ஒழிச்சாங்க?"

"ஒழிக்கல. குறைச்சாங்க. ஏரிக்குள்ள ஒவ்வொரு மீனா பிடிச்சு இதப் பிடுங்க முடியுமா? முட்டை போட இது ஆத்துக்குள்ள ஏறி வரும். அந்த இடத்துல மடக்கினாங்க." பாட்டிலின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "வாயோட சண்டை போட முடியாது தாதா. முட்டையோடதான் போடணும்."

அன்று மாலை கிளப்பில் கமிட்டிக் கூட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னும் ஆறேழு பேருக்கும் புண்ணான மீன் மாட்டியிருந்தது. ருயி, மிர்கால் என்று எல்லா வகைக் கெண்டையிலும் பேன். செக்ரெட்டரி ஒரு முடிவோடு வந்திருந்தார். பூச்சிமருந்து வாங்கித் தண்ணீரில் ஊற்றிவிடலாம்; மீன் வளர்க்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்; ஒரே நாளில் பேன் செத்துவிடும்.

தீதி உறுப்பினர் இல்லை. கதவருகே நின்றுதான் பேசினார்.

"பேன் சாகும். இறால் சாகும், நத்தை சாகும், தட்டான் குஞ்சு சாகும். இந்தத் தண்ணில துணி துவைக்கறவங்க இருக்காங்க, குளிக்கறவங்க இருக்காங்க. எல்லாத்துக்கும் மேல, முட்டை சாகாது. ரெண்டு வாரத்துல பொரிஞ்சு வந்துடும். அப்ப மறுபடி ஊத்துவீங்களா?"

"தீதி, நீங்க ஒரு நாளாவது தூண்டில் பிடிச்சிருக்கீங்களா?" என்றார் செக்ரெட்டரி. குரலில் மரியாதை இருந்தது, கேள்வியில் இல்லை.

"இல்ல. நீங்க ஒரு நாளாவது பேன் முட்டை பாத்திருக்கீங்களா?"

யாரோ சிரித்தார்கள். செக்ரெட்டரியின் காது சிவந்தது. நான் எழுந்து, எனக்குத் தெரிந்த வங்காளத்தில், அவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் என்றேன். பொய்லா போய்ஷாக் அன்று, அதாவது வங்காளப் புத்தாண்டில், கிளப்பின் வருடாந்திரத் தூண்டில் போட்டி நடக்கும். அதுவரை மருந்து வேண்டாம். அதற்குள் சரியாகாவிட்டால் ஊற்றிக்கொள்ளட்டும் என்று முடிவானது. கையில் எட்டு வாரம் இருந்தது.

அவருடைய முறை மிக எளிமையானது. பெண் பேன் முட்டையிட மட்டும் மீனை விட்டு இறங்கும். கெட்டியான இடமாகப் பார்த்து முட்டைகளை வரிசையாக ஒட்டும். அந்த இடத்தை நாமே கொடுத்துவிட்டால்? பழைய கட்டில் பலகைகள் பன்னிரண்டைத் துளையிட்டு, கயிறு கட்டி, குளத்தின் ஓரமெல்லாம் செங்குத்தாகத் தொங்கவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கி, முட்டையைச் சுரண்டி, பலகையை மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுநாள் திரும்பவும் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு பலகையைத் தூக்கியபோது ஏமாற்றமாக இருந்தது. பன்னிரண்டில் நான்கில்தான் முட்டை, அதுவும் கொஞ்சம். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மீன்களில் பேன் மட்டும் கூடிக்கொண்டே போனது. கரையில் இரண்டு மீன் செத்து ஒதுங்கின. செக்ரெட்டரி அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய்ப் புதைத்தார். எங்கள் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

தீதி மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போகுமுன் தினமும் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது ஞாயிறு கழிந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கூப்பிட்டார்.

"தாதா, மீன் எங்க போய் உடம்பத் தேய்க்குது பாருங்க."

பார்த்தேன். குளத்தின் மேற்கு மூலையில் தண்ணீர் அடிக்கடி சுழித்தது. வேறெங்கும் அப்படி இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டுவிட்டது. செருப்பைக் கழற்றினார்; புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டார்; இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை விட்டுத் துழாவி, எதையோ பற்றி இழுத்தார். வரவில்லை. நான் பேன்ட்டோடு இறங்கினேன். இருவருமாக இழுத்ததில் மேலே வந்தது ஒரு மூங்கில் சட்டம். நடுவில் மட்கிய வைக்கோலின் மிச்சம்.

சரஸ்வதி சிலையின் எலும்புக்கூடு அது. தெருப்பிள்ளைகள் பூஜை முடிந்து சிலையைக் கரைத்திருந்தார்கள். மண் கரைந்துவிட்டது; மூங்கில் தங்கிவிட்டது. அதற்கடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் போன வருடத்துக் காளியின் சட்டம். தீதி மூங்கிலைத் திருப்பிக் காட்டினார். கணுவுக்குக் கணு, மெழுகை வரிசையாகச் சொட்டியது போல, இளமஞ்சள் முட்டைகள். ஒரு விரல்கூட வைக்க இடமில்லை.

"நாம வீடு கட்டிக் கொடுத்தோம். அதுங்க ஏற்கெனவே அரண்மனைல இருக்குது" என்றார்.

அன்று நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. செக்ரெட்டரிக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து மூங்கிலைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றித் திண்டில் வைத்துவிட்டு, தானே தண்ணீரில் இறங்கினார். மதியத்துக்குள் ஒன்பது சட்டங்கள் கரையேறின. மூன்றை மட்டும் தீதி திரும்பவும் அதே மூலையில் கயிறு கட்டி இறக்கச் சொன்னார். பேன்களுக்குப் பழகிய இடம். வரட்டும், வாராவாரம் தூக்கிக்கொள்ளலாம் என்றார்.

அதற்கப்புறம் வேலை வேகம் பிடித்தது. ஞாயிறுகளில் தூண்டில் போடுகிறவர்களே பலகை தூக்கவும் வந்தார்கள். பிடிக்கிற ஒவ்வொரு மீனையும் தீதியிடம் கொண்டுவருவார்கள். ஈரத்துணியில் கிடத்தி, சின்ன இடுக்கியால் பேன்களை எடுத்து, எண்ணி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அனுப்புவார். ஐம்பது, அறுபது என்று இருந்தது நாற்பதானது, முப்பதானது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீனின் கண்ணை ஈரத்துணியால் மூடிப் பிடித்திருப்பேன். அவர் விரல்கள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சோதனை வந்தது. அன்று முட்டை நிறைந்த பலகைகளையும் சட்டங்களையும் மாடிக்கு ஏற்ற நேரமில்லாமல் கரையிலேயே சாய்த்து வைத்திருந்தோம். சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் கறுத்தது. கால்பைசாகி என்று இங்கே சொல்லும் கோடைப் புயல். சொல்லிக்கொண்டு வராது. ஜன்னலை அடைக்கப் போன நான், பலகைகள் ஒவ்வொன்றாகப் பறந்து தண்ணீரில் விழுவதைப் பார்த்தேன். இன்னும் காயாத முட்டைகள். ஒரு வாரத்து அறுவடை முழுவதும் திரும்பக் குளத்துக்குள்.

கீழே ஓடினேன். தீதி எனக்கு முன்பே அங்கே நின்றார். மழை ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. இருவரும் இறங்கினோம். மிதப்பவற்றை அவர் சேர்த்துக் கொடுக்க, நான் கரையில் ஏற்றினேன். பின்னால் யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது, செக்ரெட்டரி. அவருக்கு மூச்சு வாங்கியது. "மூணு இன்னும் வரணும். நான் எண்ணி வச்சிருக்கேன்" என்றார். மூன்றும் கிடைத்தன. கடைசியாகக் கிடைத்த பலகையை அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்த தீதியின் முழங்கையில் ஆணி கிழித்து ரத்தம் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பலகையைத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி குடையும் டெட்டாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். தீதியின் கையைப் பிடித்து இழுத்துத் துடைத்துக் கட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னாள்: "இந்த அம்மா மீனையும் சாப்பிடறதுக்காகக் காப்பாத்தல, பேன்மேலயும் கோவம் இல்ல. பின்ன எதுக்குங்க இப்படி?"

"செய்ய வேண்டியத ஒழுங்கா செய்யணும்னு நினைக்கறவங்க போல" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். காயத்தின் மேல் துணியை இன்னொரு சுற்று சுற்றினாள்.

பொய்லா போய்ஷாக் வந்தது. போட்டி நாளில் இருபத்திரண்டு மீன்கள் கரைக்கு வந்தன. தீதி எல்லாவற்றையும் பார்த்தார். அதிகபட்சம் ஒரு மீனில் ஆறு பேன். பலவற்றில் ஒன்றுமே இல்லை. பழைய புண்கள் வெளிறிய வடுக்களாக மூடியிருந்தன. எல்லாவற்றையும்விட எனக்குத் தெரிந்த அடையாளம் வேறு. மீன்கள் மறுபடி சண்டை போட்டன. எனக்கு மறுபக்கத்து மேடைக்காரர் ஒரு ருயியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் நூல் அறுந்து, வெறும் கையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

பரிசளிப்பில் செக்ரெட்டரி மைக்கைப் பிடித்து, குளத்தில் பேன் ஒழிந்தது என்று அறிவித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தீதி எழுந்துவிட்டார்.

"ஒழியல. குறைஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டு இருக்கும், இருக்கட்டும். நல்ல மீன் அதத் தாங்கும். பலகைய மட்டும் நிறுத்தக்கூடாது."

செக்ரெட்டரி மைக்கிலேயே, "தீதி சொல்றதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றார். அந்த மனிதர்மேல் அதுவரை எனக்கு இருந்த மனத்தாங்கல் அன்றோடு போயிற்று. அந்த மாதமே கிளப் தீதியை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் தூண்டில் வாங்கவில்லை. கைலென்ஸோடு வந்து உட்கார்ந்தார்.

மழைக்காலத்துக்கு முன், நகரத்தின் இன்னொரு பகுதியான பெஹாலாவிலிருந்து இரண்டு பேர் எங்கள் குளத்தைத் தேடி வந்தார்கள். அவர்கள் கிளப்பின் குளத்திலும் மீன்களுக்குப் புண். தீதி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பலகை, கயிறு, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு பையில் நான் சுமந்துகொண்டேன். பேனைக் குறைக்கும் வழி எங்களுக்குத் தெரியும் என்ற தைரியம் எனக்கு இருந்தது. அவரைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது.

அங்கே ஒரு பெரிய மிர்காலை ஈரத்துணியில் கிடத்தினார்கள். சுற்றிப் பதினைந்து பேர். தீதி லென்ஸை வைத்துத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். புரட்டிப் போட்டு மறுபக்கமும் பார்த்தார். பேன் ஒன்றுகூட இல்லை. புண் மட்டும் இருந்தது, வேறு மாதிரியான புண்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றார் தீதி. "ஒரு வாரம் குடுங்க. படிச்சுப் பாக்கணும், எங்க காலேஜ் மேடம்கிட்டயும் கேக்கணும்." பிறகு மீனைத் தானே தூக்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அந்தக் குளத்தின் படிகளில் இறங்கத் தொடங்கினார்.